நூறு போட்டால் பறக்குமா?

எங்கள் லேத் பட்டறை வேலந்தாவளத்தில் இருக்கிறது. இது பாலக்காடு மாவட்டம். செக்போஸ்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், ஆபீஸ் காகிதத்தில் மலையாளம், பெட்ரோலுக்குத் தமிழ்நாடு. அந்தப் பக்கத்துப் பங்கில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால், எல்லையைத் தாண்டிப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது இங்கே பழக்கம். இரண்டு மாநில விலையும் எல்லோருக்கும் மனப்பாடம். பம்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறதே, 91, 95, 100 என்று, அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

பார்த்த ஒருத்தன் என் அக்கா மகன். செகண்ட் ஹேண்டில் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறான். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்த கோவை கரிவர்தன் பெயரில் உள்ள ட்ராக் அது. ஒரு சாயங்காலம் பட்டறைக்கு வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"மாமா, நூறு ஆக்டேன் போட்டா வண்டி பறக்குமா?"

"பறக்காது மாப்ள. பர்ஸ்ல இருக்கிற காசுதான் பறக்கும்."

பாதி கிண்டல், பாதி உண்மை. மீதி உண்மையைச் சொல்வதற்கு இன்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை பிஸ்டன் மேலே தள்ளி நெருக்குகிறது. பிளக் பொறி விடுகிறது. எல்லோரும் நினைப்பதுபோல அந்த நிமிஷமே கலவை முழுக்க 'டமார்' என்று வெடிப்பதில்லை. பிளக் பக்கத்தில் பிடித்த தீ, அலை மாதிரி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துகொண்டே போகிறது. நேரம் கொஞ்சம்தான், ஆனாலும் அதற்கென்று ஒரு நேரம் வேண்டும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விடுகிறார்கள். அதற்குப் பெயர்தான் டைமிங் அட்வான்ஸ். தீ பரவி முடிந்து, அழுத்தம் உச்சத்துக்கு வரும்போது பிஸ்டன் மேலே தொட்டுவிட்டு, கிராங்க் சுற்றும் கணக்கில் 15 டிகிரி வாக்கில் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஊஞ்சல் திரும்பி இறங்க ஆரம்பிக்கும்போது தள்ளிவிடுகிற மாதிரி. முன்னாலேயே தள்ளினால் உங்கள் கைதான் வலிக்கும்.

இப்போது நெம்மாறைக்குப் போவோம். அங்கே நடக்கும் நெம்மாற வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெடியை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். ஒரு முனையில் திரி கொளுத்தினால், ஒன்றின்பின் ஒன்றாக வெடித்துக்கொண்டே போகும். கடைசியில் வருவது கூட்டப்பொரிச்சல். அத்தனையும் ஒரே நேரத்தில், நெஞ்சுக்கூடு அதிரும். அது கடைசியில், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வந்தால் திருவிழா. வரிசை பாதி போய்க்கொண்டிருக்கும்போதே, தூரத்து முனையில் இருப்பது சூடு தாங்காமல் தானாகவே வெடித்தால்?

இன்ஜினுக்குள் அதுதான் நாக்கிங். தீ அலை முன்னேறும்போது, இன்னும் எரியாமல் மூலையில் மிச்சமிருக்கும் கலவை மேலும் நெருக்கப்படுகிறது, மேலும் சூடாகிறது. ஒரு எல்லைக்கு மேல் அது தீ வரும்வரை காத்திருக்காது. தானாகப் பற்றி ஒரே அடியாக எரிந்துவிடும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவருக்கும் சுவருக்கும் நடுவே மோதி மோதித் திரும்பும். சிலிண்டரின் அகலத்தைப் பொறுத்து ஆறாயிரம், ஏழாயிரம் ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு சத்தம். மேடு ஏறும்போது டாப் கியரிலேயே மிதித்தால் 'டிங் டிங்' என்று, டப்பாவுக்குள் கோலிக்குண்டு போட்டு ஆட்டுகிற மாதிரி கேட்கும் பாருங்கள், அதேதான். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் "வண்டி தட்டுது" என்பார்கள்.

சத்தம் போனால் போகட்டும் என்று விட முடியாது. பிஸ்டன் அலுமினியம். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். எரியும் வாயுவோ 2,000 டிகிரிக்கு மேல். அப்படியிருந்தும் பிஸ்டன் ஏன் உருகிப் போகவில்லை? உலோகத்தை ஒட்டி, எரியாத, கொஞ்சம் குளிர்ந்த வாயு ஒரு மெல்லிய போர்வை மாதிரி இருக்கிறது. (பின்பக்கம் எண்ணெயும் சூட்டை வாங்கிக்கொள்கிறது.) நாக்கிங் அலை அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். சூடு நேரே உலோகத்தில் இறங்கும். முதலில் பிஸ்டன் தலையில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளங்கள், அப்புறம் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், சில சமயம் ஹெட் கேஸ்கெட்டும் போகும்.

இதை நான் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. முப்பது வயசில் என்னிடம் ஒரு பழைய மாருதி எஸ்டீம் கார் இருந்தது. 1298 சிசி, நான்கு சிலிண்டர். லேத் நம்முடையது, சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டும் நம்முடையது, யார் கேட்பது? ஒரு மில்லிமீட்டர் தேய்த்தேன். கணக்கு இதுதான். ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 324 சிசி. கம்ப்ரஷன் (கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு) 9க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 40 சிசி வாக்கில். சிலிண்டரின் உள்விட்டம் 74 மில்லிமீட்டர். ஒரு மில்லி தேய்த்தால் அந்த இடத்தில் மூன்றரை, நான்கு சிசி போய்விடும். 9 என்பது 9.8க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கையும் முன்னே தள்ளி வைத்தேன். தட்டையான ரோட்டில் வண்டி நிஜமாகவே நன்றாக இழுத்தது. ஒரு வாரம் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அப்புறம் குடும்பத்தோடு வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஏப்ரல் மாச வெயில், ஏசி, ஐந்து பேர், டேங்கில் இருந்ததோ சாதாரண பெட்ரோல். பத்தாவது வளைவிலிருந்தே தட்டிக்கொண்டு வந்தது. டப்பெட் சத்தம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது சிலிண்டரின் ரிங் விளிம்பு துண்டாகி ஆயில் பானில் கிடந்தது. ஹெட்டில் தப்பில்லை, பெட்ரோலிலும் தப்பில்லை. இரண்டுக்கும் பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் செய்து வைத்தது நான்.

அந்தப் பொருத்தம் பார்க்கிற எண்தான் ஆக்டேன். எவ்வளவு நெருக்கினாலும், எவ்வளவு சூடாக்கினாலும், தீ வரும்வரை தானாகப் பற்றாமல் பொறுத்திருக்கும் குணத்துக்கு ஒரு மதிப்பெண். பெட்ரோலின் பொறுமைக்கு மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க் போடும் முறையும் சுவாரஸ்யம்தான். 1920களில் ஒவ்வொரு கம்பெனி பெட்ரோலும் ஒவ்வொரு மாதிரி தட்டியது, அளப்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இரண்டு சுத்தமான திரவங்களை எடுத்தார். ஒன்று ஐசோ-ஆக்டேன், லேசில் தட்டாது. அதற்கு 100. இன்னொன்று ஹெப்டேன், தொட்டால் தட்டும். அதற்கு 0. அந்த ஹெப்டேன் அந்தக் காலத்தில் ஒரு வகைப் பைன் மரப் பிசினிலிருந்து கிடைத்தது. உங்கள் பெட்ரோலை, ஓடும்போதே கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சோதனை இன்ஜினில் ஓட்டி, எந்த நிலையில் தட்டுகிறது என்று பார்ப்பார்கள். 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தது எப்படித் தட்டுகிறதோ அப்படியே உங்கள் பெட்ரோலும் தட்டினால், அது 95. அவ்வளவுதான். 95 ஆக்டேன் பெட்ரோலில் 95 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஐசோ-ஆக்டேனைவிடப் பொறுமைசாலிகளும் உண்டு என்பதால் 100க்கு மேலும் மார்க் போகும்.

இந்தச் சோதனையில் எங்கேயாவது 'சக்தி' என்ற சொல் வந்ததா? வரவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் எவ்வளவு வெப்பம் அடங்கியிருக்கிறது என்பது வேறு கணக்கு. எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் 108க்கு மேல், ஆனால் ஒரு லிட்டரில் கிடைக்கும் வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மார்க் அதிகம், சரக்கு குறைவு. டீசலில் இதெல்லாம் தலைகீழ். அங்கே தானாகப் பற்றுவதுதான் வேலையே, அதற்கு சீட்டேன் என்று தனி எண். மாற்றி ஊற்றினால் என்ன ஆகும் என்பதை பங்கில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அப்படியானால் பந்தயக்காரர்கள் ஏன் அதிக ஆக்டேனுக்கு அலைகிறார்கள்? பொறுமை அதிகமுள்ள பெட்ரோல் இருந்தால் இன்ஜினை இன்னும் கசக்கலாம். கம்ப்ரஷனைக் கூட்டலாம், டைமிங்கை முன்னே தள்ளலாம், டர்போவில் இன்னும் காற்றைத் திணிக்கலாம். பவர் வருவது இந்த மூன்றிலிருந்துதான். பெட்ரோல் அனுமதிச் சீட்டு மட்டும் கொடுக்கிறது.

1940இல் இங்கிலாந்தின் வானத்தில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜின் அதுவரை 87 ஆக்டேனில் ஓடியது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரின் பூஸ்ட், சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. 100 ஆக்டேன் வந்ததும் பன்னிரண்டு பவுண்டு வரை அனுமதித்தார்கள். தாழ்வான உயரங்களில் ஆயிரத்துச் சொச்சம் குதிரைத்திறன் 1,300ஐத் தொட்டது. பூஸ்டை ஆறேகாலிலேயே வைத்துவிட்டு வெறும் 100 ஆக்டேனை ஊற்றியிருந்தால் பைலட்டுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. மாப்பிள்ளையின் கேள்விக்கு அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1988 ஃபார்முலா ஒன். அன்றைய டர்போ காலத்தின் கடைசி வருஷம். பெட்ரோல் 102 ஆக்டேனுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. ஹோண்டாவின் இன்ஜினியர்கள் 84 சதவீதம் டொலுவீனை எடுத்துக்கொண்டார்கள். பெயிண்ட் தின்னரில் இருக்குமே, அதே டொலுவீன். ஆக்டேன் எக்கச்சக்கம், அடர்த்தியும் அதிகம். ஆனால் மார்க் 102ஐத் தாண்டிவிடும். என்ன செய்வது? மீதி 16 சதவீதத்துக்கு ஹெப்டேன். அதாவது, ஆக்டேன் பூஜ்யம் உள்ள சரக்கைக் கலந்து மார்க்கைக் கீழே இறக்கி, சரியாக 102இல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியது எண் அல்ல, விதிக்குள் இருந்துகொண்டு குறைந்த இடத்தில் அதிக வெப்பம். (டொலுவீனை யாரும் வீட்டில் கலந்து பார்க்க வேண்டாம். குழாய், சீல் எல்லாவற்றையும் அரிக்கும், மூச்சுக்கும் கெடுதல்.)

சரி, நம் பங்குக்கு வருவோம். இந்தியாவில் பம்பில் எழுதும் எண் ஆர்ஓஎன் என்ற முறையில் அளந்தது. சோதனை இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில், நிதானமாக ஓடும். எம்ஓஎன் என்று இன்னொரு முறை உண்டு. 900 சுற்று, கலவையை 149 டிகிரிக்குச் சூடாக்கி உள்ளே அனுப்புவார்கள். கடுமையான பரீட்சை, அதனால் மார்க் குறையும். ட்ராக்கில் லேப் லேப்பாக முழு மிதியில் ஓடும் வண்டிக்கு எம்ஓஎன்னையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறார்கள். யூடியூபில் அமெரிக்க ட்யூனர் "93 போடு" என்றால் அது நம் கணக்கில் 98 வாக்கில். நம் ஊர்ப் பையன்கள் "அங்கே 93க்கே இந்த பவர், நம்மகிட்ட 95 இருக்கே" என்று குதிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எண்களின் வரலாறு இங்கே வேகமாக மாறியது. முன்பு சாதாரண பெட்ரோல் 88. அப்புறம் 91. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்ததில் அது 95க்கு வந்திருக்கிறது. அதற்கு மேலே பிரீமியம் வகைகள்: ஸ்பீட் 97, பவர் 99, எக்ஸ்பி100. இந்தியன் ஆயில் அந்த 100ஐ 2020 டிசம்பரில் கொண்டுவந்தபோது லிட்டர் 160 ரூபாய். வேலந்தாவளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ அதைத் தேடாதீர்கள். பெரிய நகரங்களில், அதுவும் சில பங்குகளில்தான்.

ட்யூனிங் செய்ய நினைக்கும் எவருக்கும் நான் சொல்வது, பெட்ரோலை முதலில் முடிவு செய்யுங்கள், ட்யூனை அப்புறம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் 'ஸ்டேஜ் 1' என்று ஈசியூவை, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரை, ரீமேப் செய்துவிட்டு (டைமிங், பூஸ்ட் கணக்கை மாற்றி எழுதுவதுதான் ரீமேப்), அப்புறம் "இதுக்கு என்ன பெட்ரோல் போடணும்?" என்று கேட்கிறார்கள். வாரம் முழுக்க எந்தப் பங்கில் நிரப்புவீர்கள், பழனிக்கோ குருவாயூருக்கோ போகிற வழியில் என்ன கிடைக்கும், அந்தப் பெட்ரோலுக்குத்தான் அன்றாட மேப் எழுத வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பிய கார்களுக்கு இணையத்தில் வாங்கும் ரீமேப் ஃபைல்கள் பல, அங்கே சர்வ சாதாரணமாகக் கிடைக்கும் 98 ஆர்ஓஎன்னுக்காக எழுதியவை. அந்த ஊரில் காற்றும் குளிர்ச்சி. அதை அப்படியே பாலக்காட்டு மார்ச் மாசத்தில் 95இல் ஓட்டினால் என்ன ஆகும்? கம்ப்ரஷன் 10 உள்ள இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி காற்று உள்ளே போனால், நெருக்கி முடியும்போது அது 350 டிகிரியைத் தாண்டும். அதே இன்ஜினில் 40 டிகிரி காற்று போனால் கிட்டத்தட்ட 400. வாசலில் 20 டிகிரி வித்தியாசம், உள்ளே போனால் 40க்கு மேல். பொறுமையைச் சோதிக்க இது போதும். டர்போ காற்றை நெருக்கும்போதே சூடாக்கிவிடும் என்பதால் அங்கே நிலைமை இன்னும் மோசம். ஆக்டேனுக்குச் செலவழிப்பதற்கு முன்னால், அந்தக் காற்றைக் குளிர வைக்கும் நல்ல இன்டர்கூலருக்குச் செலவழிக்கச் சொல்வேன். ஒருமுறை போடும் காசு, ஒவ்வொரு டேங்குக்கும் பலன்.

மழைக்காலத்தில் வண்டி கொஞ்சம் 'மெத்தென்று' ஓடுவதாகச் சிலர் சொல்வது பிரமை இல்லை. காற்றில் ஈரம் அதிகமானால் நாக்கிங் குறையும். மலை ஏறினாலும் குறையும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவு. ஆனால் அங்கே போய்ச் சேர்கிற வழியில்தான் ஆபத்து, என் வால்பாறை கதை மாதிரி. கீழே வெப்பம், குறைந்த சுற்று, முழு மிதி. டர்போ வண்டிக்கு உயரத்தின் சலுகையும் கிடையாது, குறைந்த காற்றை டர்போ ஈடுகட்டிவிடும்.

இப்போதைய கார்களில் காது ஒன்று இருக்கிறது. சிலிண்டர் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார். தட்டும் சத்தத்தைக் கேட்டதும் ஈசியூ டைமிங்கைப் பின்னே இழுக்கும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெல்ல மெல்லத் திரும்பக் கொடுக்கும். அதனால் உங்களுக்குச் சத்தமே கேட்காது. வண்டி மட்டும் சோம்பும். அதிக ஆக்டேன் போட்டதும் "பவர் கூடிவிட்டது" என்று சில டர்போ கார்க்காரர்கள் சொல்வது இதனால்தான். கூடவில்லை, பறிபோனது திரும்பி வந்தது. பழைய கார்ப்ரேட்டர் வண்டிக்கு இதுவும் கிடையாது. மாருதி 800க்கோ ஆர்எக்ஸ் 100க்கோ 100 ஆக்டேன் ஊற்றுவது சாம்பாருக்குக் குங்குமப்பூ போடுகிற மாதிரி.

ஆனால் சென்சாரை நம்பி எதையும் ஊற்றலாம் என்று கிளம்பக் கூடாது. அது தட்டிய பிறகுதான் கேட்கும். ட்ராக்கில் ஒவ்வொரு நேர்கோட்டிலும் தட்டி, இழுத்து, தட்டி, இழுத்துக்கொண்டிருந்தால் டைமிங் பின்னே போனதால் புகைவாயுவின் சூடும் ஏறும். டர்போவும் அந்தச் சூட்டில் கிடந்து வேகும். ஈசியூ சொல்வதைப் படிப்பதற்கென்று வண்டியில் இருக்கும் ஓபிடி போர்ட்டில் மாட்டும் ஒரு சின்னக் கருவியில் எந்த சிலிண்டரில் எத்தனை டிகிரி இழுத்திருக்கிறது என்று பார்க்கலாம், வண்டியைப் பொறுத்து. எப்போதாவது ஒரு டிகிரி என்றால் கவலை இல்லை. எல்லா சிலிண்டரிலும் ஒவ்வொரு முறையும் நான்கைந்து டிகிரி என்றால், பெட்ரோலை மாற்ற வேண்டும், இல்லை பூஸ்டைக் குறைக்க வேண்டும். பழைய வண்டி என்றால் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் பிஸ்டன் கரைய ஆரம்பித்துவிட்டது.

கலந்து ஊற்றலாமா என்று மாப்பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. கலக்கலாம், கணக்கும் எளிது, ஏறக்குறைய விகிதாசாரப்படியே வரும். 40 லிட்டர் டேங்கில் 24 லிட்டர் நூறும் 16 லிட்டர் தொண்ணூற்றைந்தும் என்றால் 98. ட்ராக் டேக்கு முன்னால் டேங்கைக் காலியாக்கிக்கொண்டு போக வேண்டும், அதுதான் சிரமம். அடியில் பத்து லிட்டர் பழசு கிடந்தால் கணக்கு தப்பும்.

"பாட்டில்ல வருதே, ஆக்டேன் பூஸ்டர்?" என்றான் அடுத்து. அந்த லேபிளில் 30 பாயிண்ட் கூடும் என்று போட்டிருக்கும். 95 என்பது 125 ஆகிவிடும் என்று நினைப்போம். அவர்கள் பாஷையில் ஒரு பாயிண்ட் என்பது 0.1. முப்பது பாயிண்ட் என்றால் மூன்று. அதுவும் லேபிளில் சொன்னபடியே வந்தால். சில பாட்டில்களில் இருக்கும் மாங்கனீசுக் கலவை பிளக்கில் செங்கல் நிறத்தில் படியும். அந்தக் காசுக்கு நல்ல பெட்ரோலே வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. விமானப் பெட்ரோல் கிடைத்தால் விடாதே என்று சொல்லும் ஆட்களும் உண்டு. அதில் ஈயம் இருக்கிறது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டே ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியதற்கு ஒரு காரணம் மூச்சு, இன்னொன்று புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். அந்தக் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் ஈயம் பட்டால் செத்துவிடும்.

எண் சரியாக இருந்தும் பெட்ரோல் சரியில்லாமல் போகலாம். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரசரவென இறங்கும், மண்ணெண்ணெய்க்குப் பொறுமையே கிடையாது. எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுக்கும். டேங்குக்குள் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் பெட்ரோலுக்கு எத்தனால் கொடுத்த ஆக்டேன் போயிற்று. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியைக் கிளப்பி நேரே ட்ராக்குக்குக் கொண்டுபோவது அதனால்தான் ஆகாது. விலை குறைவு என்று எல்லை தாண்டி கேனில் வாங்கி வைப்பவர்களுக்கும் இதேதான், தீ ஆபத்து தனி. பழைய இன்ஜின் என்றால் பிஸ்டன் தலையில் படிந்த கரியும் கம்ப்ரஷனைக் கூட்டி, தணல் மாதிரி சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; புதிதாக இருந்தபோது 91இல் நன்றாக ஓடிய வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு தட்டுவதற்கு அது ஒரு காரணம்.

கடைசியில் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசி இரண்டு மேப் என்று முடிவானது. அன்றாடத்துக்கு 95இல், பூஸ்டை அதிகம் தொடாமல் ஒன்று. ட்ராக்குக்கு 98 கலவையில், ஒரு டிகிரி டைமிங்கைக் கஞ்சத்தனமாகப் பிடித்துவைத்து இன்னொன்று. அந்த ஒரு டிகிரி எதற்கு என்று சண்டை போட்டான். மதியம் ஒரு மணி வெயிலுக்கு என்றேன். பிளக்கும் ஒரு படி 'கோல்டு' வகையாக, சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவதாக, மாற்றினோம். செட்டிபாளையத்தில் காலையில் ஓட்டிய லேப்களில் ரீடிங் சுத்தமாக இருந்தது. மதியம் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் அவ்வப்போது ஒன்றரை டிகிரி இழுத்திருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, அவனே இறங்கி பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு இருபது நிமிஷம் ஆறவிட்டான்.

திரும்பி வரும்போது கிணத்துக்கடவு தாண்டியதும் அடுத்த கேள்வி வந்தது.

"மாமா, எத்தனால் 85 போட்டா? 85 சதவீதம் எத்தனால் கலந்தது?"

"பூஸ்ட் நிறைய தாங்கும், ஆவியாகும்போதே உள்ளே குளிரவும் வைக்கும். ஆனா அதே வேலைக்கு முப்பது சதவீதத்துக்கு மேல அதிகமா ஊத்தணும். உன் இன்ஜெக்டர் முழு மிதியில இப்பவே எத்தனை சதவீதம் திறந்திருக்கு, ரீடிங்ல பாத்தியா?"

போனை எடுத்துப் பார்த்தான். 88 என்றிருந்தது.

"அப்ப இன்ஜெக்டர் மாத்தணும், பம்ப் மாத்தணும்..." என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். நான் ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வந்தேன்.